சிறகில்லாத மூன்று பறவைகள்



சுதேச சமஸ்தானங்கள் பற்றிய பாடத்தில் இந்தூருக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். அந்த ஊருக்கு ஒரு பறவைக் கதை உண்டு. வகுப்பில் சொல்ல நேரம் கிடைத்ததில்லை, இன்று சொல்கிறேன்.

பிரான்குசி ருமேனியாவில் பிறந்து பாரீசில் வாழ்ந்த சிற்பி. தன் நாட்டு நாடோடிக் கதைகளில் வரும் 'மயாஸ்த்ரா' என்ற மாயப் பறவையைத்தான் முதலில் செதுக்கினார். வருடக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ததில் கால், அலகு, இறகு எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் வானை நோக்கி எழும் வழுவழுப்பான ஒரு வளைவுதான் மிஞ்சியது. அதுதான் 'விசும்பில் பறவை'. அவர் காட்ட நினைத்தது பறவையை அல்ல, பறத்தலை.

1926-இல் அது நியூயார்க் போய் இறங்கியது. கலைப்படைப்புக்குச் சுங்கவரி கிடையாது. ஆனால் அதிகாரிகள் அதைச் சமையலறைப் பாத்திரங்கள், மருத்துவமனைச் சாமான்களோடு சேர்த்து 40 சதவீதம் வரி போட்டார்கள். வழக்கு நடந்தது. அது கலைதான் என்று 1928-இல் தீர்ப்பு வந்தது.

இந்தூர் மன்னர் யஷ்வந்த் ராவ் ஹோல்கர் அப்படிப்பட்ட மூன்று பறவைகளை வாங்கினார். ஒன்று பொன்போல் மெருகேற்றிய வெண்கலம், மற்ற இரண்டும் கறுப்பு, வெள்ளைச் சலவைக்கல். அவற்றுக்காக ஒரு தியானக் கோயில் கட்டவும் பிரான்குசியிடம் கேட்டார். ஜன்னலில்லாத கூடம், உள்ளே நீர்த்தடாகம், மேலிருந்து மட்டும் வெளிச்சம். திபெத்தியத் துறவி மிலரேபாவின் வாழ்க்கையை விரும்பிப் படித்தவர் பிரான்குசி. ஆன்மாவை மரக்கிளையில் அமர்ந்த பறவையாகக் கண்ட முண்டக உபநிடதத்தின் மண்ணில், அவர் பறவைக்கு ஒரு கோயில்! இதைவிடப் பொருத்தமான இடம் வேறு ஏது?

1937-இல் மகாராணி இளவயதிலேயே காலமானார். 1938 தொடக்கத்தில் பிரான்குசி இந்தூர் வந்தார். வேலை தொடங்கவில்லை. வந்தவர் திரும்பிப் போனார். கோயில் கடைசிவரை எழவே இல்லை.

சலவைக்கல் பறவைகள் இரண்டும் இன்று ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருக்கின்றன. வெண்கலப் பறவை கலிபோர்னியாவில். மன்னரின் மாணிக் பாக் அரண்மனையில் இப்போது மத்திய அரசின் வரி அலுவலகம் நடக்கிறது. வரி போட்டுத் தடுத்தவர்களை வென்ற பறவைக்கு இப்படியும் ஒரு முடிவு!

விடுதலை என்றதும் நாம் சிறகை வரைகிறோம். பிரான்குசி சிறகையும் கழற்றினார். எதைச் சேர்த்தால் பறக்கலாம் என்று கேட்பதைவிட, எதை இறக்கி வைத்தால் பறக்கலாம் என்று கேட்பதுதான் நம் ஞானியர் வழியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கான்பெரா பக்கம் இருக்கும் பிள்ளைகள் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.