விளக்கம் சொல்லாத பேராசிரியர்

பாடத்தை நன்றாக விளக்கிச் சொல்பவரே நல்ல ஆசிரியர் என்பது நம் எல்லோருடைய எண்ணம். 200 ஆண்டுகளுக்கு முன்பே அதைச் சந்தேகித்தவர் ழோசேப் ழாக்கோத்தோ என்ற பிரெஞ்சுப் பேராசிரியர்.

1770-இல் திழோன் நகரில் பிறந்தவர். நெப்போலியன் வீழ்ந்து மன்னராட்சி திரும்பியபின் பிரான்சை விட்டு வெளியேற நேர்ந்தது. 1818-இல் லூவேன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்பித்தார். இன்று பெல்ஜியத்தில் உள்ள அந்த ஊர் அப்போது நெதர்லாந்து அரசரின் ஆட்சியில் இருந்தது. மாணவர்கள் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது. இவருக்கோ அவர்களுடைய பிளெமிஷ் மொழி தெரியாது. எப்படி விளக்குவது?

பெனெலோன் எழுதிய 'தெலெமாக்' என்ற பழைய கதைநூல் இரு மொழியிலும் சேர்ந்து அச்சாகிக் கிடைத்தது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலம் மாணவர்களிடம் அதைக் கொடுத்து, தாங்களே ஒப்பிட்டுப் பிரெஞ்சைக் கற்றுக்கொள்ளச் சொன்னார். பிறகு, படித்ததைப் பற்றி நினைப்பதைப் பிரெஞ்சிலேயே எழுதச் சொன்னார். இலக்கணமோ எழுத்துக்கூட்டலோ சொல்லித் தரவில்லை. ஆகவே பிழைகள் மலிந்திருக்கும் என்றே எதிர்பார்த்தார். வந்த கட்டுரைகளோ அவரை வியக்க வைத்தன.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்கு 'திக்தே' என்று ஒன்று உண்டு. ஆசிரியர் வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். ஐந்து பிழை என்றால் பூஜ்யம். நாங்கள் என்ன நினைக்கிறோம் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அதனால்தான் லூவேன் வகுப்பின் அருமை எனக்குப் புரிகிறது.

ழாக்கோத்தோ தம் பழைய வகுப்புகளையெல்லாம் எண்ணிப் பார்த்தார். எதையும் விளக்க முற்படும்போதே, 'உனக்காகப் புரியாது' என்று மாணவனிடம் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம் என்ற முடிவுக்கு வந்தார். தமக்கே தெரியாத ஓவியத்தையும் பியானோவையும்கூட அவர் கற்பித்தார். 1823-இல் தம் முறையை நூலாக வெளியிட்டார்.

மாணவனை அவன் போக்கில் விட்டுவிடும் முறையல்ல இது. என்ன பார்த்தாய், என்ன நினைக்கிறாய், எதை வைத்துச் சொல்கிறாய் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருப்பார். மாணவன் புத்தகத்தில் இடத்தைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும். ஆசிரியருக்கு வேலை குறைவதில்லை, வேறாகிறது.

1840-இல் அவர் காலமானார். கல்லூரிகள் பழையபடி விரிவுரையையே நம்பின. இன்றும் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் 'சந்தேகம் உண்டா?' என்று கேட்கிறோம். யாரும் வாய் திறப்பதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்வானேன்? கேள்வியை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.