நரம்புத் தளர்ச்சி: ஒரு நோயின் வர்க்கம்

பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் 'நரம்புத் தளர்ச்சியா?' என்று கேட்கும் லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரங்களைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். கூச்சத்தோடு கடந்துபோன சொல் அது. அதே பொருள் தரும் 'நியூரஸ்தீனியா' நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பு பெருமைக்குரிய சொல்லாக இருந்தது என்பதிலிருந்து தொடங்கலாம்.

1869இல் நியூயார்க் மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் இந்த நோயை அறிமுகப்படுத்துகிறார். தூக்கமின்மை, தலைவலி, அஜீரணம், காரணமற்ற பயம், தீராத களைப்பு எல்லாமே அதன் குறிகள். 1881இல் எழுதிய நூலில் காரணங்களை அடுக்குகிறார்: நீராவி இயந்திரம், தந்தி, பத்திரிகைகள், விஞ்ஞானம், அப்புறம் பெண்கள் மூளையால் உழைக்கத் தொடங்கியது. (இந்தக் கடைசிக் காரணத்தை அவர் சேர்த்ததில் ஆச்சரியமில்லை.) மின்சுற்றில் விளக்குகளை அளவுக்கு மேல் கோத்தால் மங்கிப்போகும் இல்லையா, நரம்பும் அப்படித்தானாம். இது யாருக்கு வரும்? மூளையால் உழைப்பவர்களுக்கு. 'நாகரிகமடையாதவர்கள்' என்று அவர் கருதியவர்களுக்கு வராது. பியர்டே யேல் மாணவராக இருந்தபோது இதே உபாதைகளால் அவதிப்பட்டவர். தன் பயத்துக்கு அவர் நாகரிகம் என்று பெயர் வைத்துக்கொண்டார் எனலாம். வெற்றி பெற்றவனின் கவலை இவ்வாறு ஒரு விருதாகிறது. விருதை யாரும் குணப்படுத்திக்கொள்ள விரும்புவதில்லை.

வைத்தியமோ ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று. பிலடெல்பியாவின் வெய்ர் மிட்செல் பெண்களுக்கு வாரக்கணக்கில் படுக்கை, பால், மஸாஜ் என்று விதித்தார். புத்தகமும் பேனாவும் கூடாது. ஆண்களுக்கு, மேற்கே போய்க் குதிரை ஏறு என்றார். 1887இல் அவரிடம் போன சார்லட் பெர்கின்ஸ் கில்மன் பைத்தியத்தின் விளிம்புவரை சென்று மீண்டு, 1892இல் 'மஞ்சள் சுவர்த்தாள்' கதையை வெளியிட்டது பற்றிப் பெண்ணியவாதிகள் நிறையப் பேசியாயிற்று. நான் இங்கே பேச விரும்புவது ஓர் ஆண் நோயாளியைப் பற்றி.

மாக்ஸ் வெபரை நாம் பெரும்பாலும் மார்க்ஸுக்கு எதிராக நிறுத்தப்பட்ட பேர்வழியாகத்தான் அறிவோம். 30 வயதில் ஃப்ரைபுர்க்கில் பொருளாதாரப் பேராசிரியர். இரண்டே வருஷத்தில், 1896இல், ஹைடல்பெர்கிலிருந்து அழைப்பு. இரவு ஒரு மணிவரை வேலை செய்யாவிட்டால் தான் பேராசிரியராகவே இருக்க முடியாது என்று மனைவி மரியான்னேயிடம் சொல்லியிருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு அசுர உழைப்பாளி. 1897 கோடையில் தாயை நடத்தும் விதம் குறித்துத் தந்தையோடு கடும் சண்டை போடுகிறார். சமாதானமாகாமலே ஆகஸ்டில் தந்தை இறந்துபோகிறார். 1898இல் வெபர் உடைந்து விழுகிறார். தூக்கம் போயிற்று, வகுப்பெடுக்க முடியவில்லை, படிக்கக்கூட முடியவில்லை. வைத்தியர்கள் சொன்னது நரம்புத் தளர்ச்சி. காரணம் மிகையான உழைப்பு. கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் ஒரு சானடோரியத்தில் சேர்க்கிறார்கள்.

அந்த வருஷம் மரியான்னேக்கு எழுதிய கடிதமொன்றில், பல வருஷங்களாக ஆய்வு வேலையை ஒரு தாயத்தைப்போலப் பற்றிக்கொண்டிருந்ததாகவும், எதிலிருந்து தப்பிக்க என்று தனக்கே தெரியவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். வைத்தியர்களுக்கு உழைப்பு நோயின் காரணம். நோயாளிக்கோ அது நோயின் மறைவிடம். இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால், ஓய்வெடுத்துவிட்டு மறுபடி மறைவிடத்துக்கே திரும்புவதைத்தான் குணமாவது என்போம்.

நம் தோழர்களிடமே பார்க்கலாம். மாசத்தில் பாதி நாள் பயணம், ராத்திரி இரண்டு மணிக்கு அறிக்கை, கூப்பிட்டால் மறுக்கத் தெரியாது, ஒரு நாள் சும்மா இருக்க நேர்ந்தால் கை நடுங்கும். இதை நாமும் அர்ப்பணிப்பு என்றே எழுதி வந்திருக்கிறோம், அவர்கள் விழுகிற வரைக்கும்.

வெபர் 1903இல் பதவியைத் துறக்கிறார். 1904-05இல் புரோட்டஸ்டண்ட் அறம் பற்றிய கட்டுரை வருகிறது. கடவுள் தன்னைத் தேர்ந்திருக்கிறாரா என்று தெரியாத கால்வினியவாதி, அந்தப் பதற்றத்தை அமுக்க ஓயாமல் தொழில் செய்கிறான்: இதுதான் அதன் மையம். ஒரு நூலை ஆசிரியனின் வியாதியாகச் சுருக்குவது மலிவான உளவியல். ஆனாலும் இதை எழுதியவருக்குத் தாயத்து என்றால் என்னவென்று தெரிந்திருந்தது.

பிற்பாடு நியூரஸ்தீனியாவின் மவுசு குறைந்தது. 1895இலேயே ஃப்ராய்டு அதிலிருந்து கவலை நோயைத் தனியாகப் பிரித்திருந்தார். 1978இல் அட்லாண்டாவைச் சேர்ந்த பாலின் கிளான்ஸும் சூசன் ஐம்ஸும், பட்டமும் பதவியும் பெற்ற 150க்கும் மேற்பட்ட பெண்களோடு பழகிய அனுபவத்திலிருந்து எழுதினார்கள். தாங்கள் ஊரை ஏமாற்றி வந்திருப்பதாகவும், என்றாவது பிடிபடுவோம் என்றும் அந்தப் பெண்கள் உள்ளுக்குள் நம்பினார்கள். பயத்தால் இரவெல்லாம் உழைக்கிறார்கள், உழைப்பதால் ஜெயிக்கிறார்கள், ஜெயிப்பதால் பயம் நிரூபணமாகாமல் அடுத்த தடவைக்கு மிஞ்சி நிற்கிறது. கிளான்ஸும் ஐம்ஸும் பரிந்துரைத்தவற்றுள் குழுவாக உட்காருவது முக்கியமானது. எதிரே இருப்பவளின் திறமையை நம்மால் பார்க்க முடிகிறது, அவளோ அதே ரகசியத்தைச் சொல்கிறாள்; அப்போது நம் ரகசியம் கொஞ்சம் ஆட்டங்காணும். ஓய்வெடு என்பதைவிட இது மேல். ஆனால் அவர்கள் பேசிய பெண்கள் பெரும்பாலும் வெள்ளை, நடுத்தர, மேல்தட்டுக்காரர்கள். 'உனக்கு இங்கே என்ன வேலை?' என்று நிஜமாகவே கேட்கப்படுகிற ஒருத்தியின் பயத்தை மனக்கோளாறு என்று சொல்லிவிட முடியுமா?

யாருடைய நரம்பு கணக்கில் வருகிறது என்ற இந்தக் கேள்வியோடு வெபரிடமே திரும்பலாம். 1908இல் அவர் ஊர்லிங்ஹவுசனில் இருந்த உறவினர்களின் லினன் ஆலைக்குப் போகிறார். தறிக் கணக்கேடுகளைப் புரட்டி, ஒவ்வொரு நெசவாளியின் உற்பத்தியும் நாளுக்கு நாள் எப்படி ஏறி இறங்குகிறது, களைப்பு எங்கே தெரிகிறது என்று மாதக்கணக்கில் ஆராய்கிறார். பக்தி இயக்கத்தைச் சேர்ந்த பெண்கள் கூடுதலாக நெய்வதைக் குறிக்கிறார்; தொழிலாளர்கள் வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பதையும் விவாதிக்கிறார். அவருக்கு விடுப்பைத் திரும்பத் திரும்ப நீட்டித்தது பல்கலைக்கழகம். தறிக்காரிக்குக் களைப்பு என்றால் அன்றைய உற்பத்தியில் குறையும் முழக்கணக்கு, அவ்வளவுதான்.

தன் நோயைப் பற்றி வெபர் சில பக்கங்கள் எழுதி வைத்திருந்தார். யாஸ்பர்ஸ் அவற்றைப் படித்திருக்கிறார். பிற்பாடு மரியான்னே அழித்துவிட்டார். ஊர்லிங்ஹவுசன் நெசவாளர்களின் கணக்கு அச்சில் இருக்கிறது.