இண்டக்‌ஷன் அடுப்புக்குப் புது பவர் பிளக் வைக்கப் போறீங்களா? சுவருக்குள்ள இருக்கிற வயரை முதல்ல பாருங்க!

கேஸ் சிலிண்டர் திடீரென தீர்ந்துபோனால் பல வீடுகளில் கைகொடுப்பது இண்டக்‌ஷன் அடுப்புதான். ஆனால் 2,000 வாட்ஸ் அடுப்பை வாங்கி வந்த பிறகுதான் சிக்கலே தெரியும். அதன் பிளக் பின்கள் தடிமனாக இருக்கும், சமையலறையில் உள்ள சின்ன சாக்கெட்டில் நுழையாது. "சாக்கெட்டை மட்டும் பெருசா மாத்திடுங்க" என்று எலக்ட்ரீசியனிடம் சொல்லிவிடுகிறோம். ஆபத்து தொடங்கும் இடமே அதுதான்.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில் புதிய பவர் பிளக் வைக்கும்போது என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்? பார்க்கலாம்.

சின்ன பிளக்கில் ஏன் மாட்டக் கூடாது?

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அடுப்பின் வாட்ஸை 230-ஆல் வகுத்தால், அது எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கும் என்று தெரிந்துவிடும். 2,000 வாட்ஸ் அடுப்பு சுமார் 8.7 ஆம்ப்ஸ் இழுக்கும். சின்ன சாக்கெட்டும் அதன் சுவிட்சும் 6 ஆம்ப்ஸுக்குத்தான் தயாரிக்கப்பட்டவை. அதாவது அதிகபட்சம் 1,380 வாட்ஸ். பெரிய சாக்கெட் 16 ஆம்ப்ஸ், அதாவது 3,680 வாட்ஸ் வரை தாங்கும்.

கன்வெர்ஷன் பிளக் போட்டால் அடுப்பு ஓடும். ஆனால் 6 ஆம்ப்ஸ் சாக்கெட் மேல் விழும் சுமை கொஞ்சமும் குறையாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் இதே கதைதான்.

சாக்கெட்டை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?

பழைய வீடுகளில் சின்ன பாயிண்டுகளுக்கு 1 அல்லது 1.5 சதுர மி.மீ. வயர்தான் போட்டிருப்பார்கள். அதே வயரில் இருந்துதான் அடுத்தடுத்த பாயிண்டுகளுக்கும் லூப் போகும். இண்டக்‌ஷன் 2,000 வாட்ஸ், மிக்ஸி 750, கெட்டில் 1,500 என மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 18 ஆம்ப்ஸைத் தாண்டிவிடும். வெளியே 16 ஆம்ப்ஸ் சாக்கெட் பளபளவென இருக்கும், உள்ளே வயர் சூடாகும். மின்னோட்டம் 2 மடங்கானால் வயரில் உண்டாகும் வெப்பம் 4 மடங்காகும். சுவருக்குள் இன்சுலேஷன் உருகுவது நம் கண்ணுக்குத் தெரியாது.

இந்த நிலையில் எம்சிபி அடிக்கடி விழும். "10 ஆம்ப்ஸ் எம்சிபியை எடுத்துட்டு 20 போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீங்க. எம்சிபி இருப்பதே வயரைக் காப்பாற்றத்தான். வயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்கினால், அந்தப் பாதுகாப்பையே பிடுங்கிப் போடுவதாக ஆகிவிடும்.

சரியான முறை எது?

டிபி பாக்ஸில் இருந்து அடுப்புக்கு மட்டும் தனி லைன் இழுக்க வேண்டும்.

* ஃபேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் 2.5 சதுர மி.மீ. காப்பர் வயர். தூரம் அதிகம் என்றால் 4 சதுர மி.மீ.
* கூடவே பச்சை நிற எர்த் வயர்.
* அந்த லைனுக்குத் தனியாக 16 ஆம்ப்ஸ் எம்சிபி.
* ஷாக்கில் இருந்து காக்க 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி. எம்சிபி மட்டும் ஷாக்கைத் தடுக்காது.
* ஐஎஸ்ஐ முத்திரை உள்ள 16 ஆம்ப்ஸ் சாக்கெட், சுவிட்ச்.

மேடையில் பதிக்கும் பல பர்னர் இண்டக்‌ஷன் ஹாப் என்றால் கணக்கு வேறு. சில மாடல்கள் 7 கிலோவாட் வரை, அதாவது 30 ஆம்ப்ஸ் இழுக்கும். அதை 16 ஆம்ப்ஸ் பிளக்கில் கொடுக்கவே முடியாது. பொதுவாக 32 ஆம்ப்ஸ் தனி லைனும் 6 சதுர மி.மீ. வயரும் தேவைப்படும்.

சுவரை உடைக்கணுமா?

மூன்று வழிகள் இருக்கின்றன. சுவருக்குள் இருக்கும் பழைய பைப்பில் இடம் இருந்தால் ஸ்பிரிங் விட்டுப் புது வயரை இழுக்கலாம். இடம் இல்லை என்றால் சுவரை வெட்டிப் புது பைப் பதிக்கலாம். வாடகை வீடு, டைல்ஸ் ஒட்டிய சுவர் என்றால், சுவருக்கு வெளியே பிவிசி கேசிங் அடித்து அதற்குள் வயரைக் கொண்டுபோகலாம்.

சுவரை வெட்டும்போது காங்கிரீட் தூண், பீம் மீது கை வைக்கவே கூடாது. நாலரை அங்குல சுவரில் நீளமாகக் குறுக்கே வெட்டினால் சுவர் பலவீனமாகும். மேலிருந்து கீழாக நேராக வெட்டுவதே நல்லது. உள்ளே தண்ணீர் பைப் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாக்கெட்டை அடுப்புக்கு நேர் மேலே வைக்காதீங்க. பக்கவாட்டில், மேடைக்கு மேலே, சிங்க்கில் இருந்தும் கேஸ் டியூபில் இருந்தும் தள்ளி இருக்கட்டும். அவசரத்தில் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் கை நீட்டாமல் சுவிட்சை அணைக்க முடிய வேண்டும்.

எர்த் உண்மையிலேயே இருக்கிறதா?

சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சில பழைய வீடுகளில் மேல் ஓட்டைக்கு வயரே வந்திருக்காது. சில இடங்களில் சாக்கெட்டுக்கு உள்ளேயே எர்த்தை நியூட்ரலோடு சேர்த்துவிட்டிருப்பார்கள். இது இன்னும் மோசம். நியூட்ரல் எங்காவது அறுந்தால், எர்த் பின்னோடு இணைந்த உலோக பாகங்களில் மின்சாரம் பாயும். வேலை முடிந்ததும் எர்த்தை டெஸ்ட் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்க.

வேலையைத் தொடங்கும் முன்

மெயின் சுவிட்சை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்ட் செய்த பிறகே போர்டைத் திறக்க வேண்டும். இது யூடியூப் பார்த்து நாமே செய்யும் வேலை இல்லை. உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடமே கொடுங்கள். உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்றும் பாருங்கள். ஏசி, கீசரோடு அடுப்பும் சேர்ந்து அந்த அளவைத் தாண்டினால், மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பித்துச் சுமையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பிறகும் கவனிக்க வேண்டியவை

முதல் நாள் அரை மணி நேரம் சமைத்த பிறகு, சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. பிடிக்க முடியாத சூடு, கருகிய வாடை, சாக்கெட்டில் பழுப்பு நிறம் எது தெரிந்தாலும், சரிசெய்யும் வரை அடுப்பைப் பயன்படுத்தாதீங்க. ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழுந்தால் அது வேலை செய்கிறது, விழவில்லை என்றால் அதை மாற்ற வேண்டும்.