உண்டும் தேறாத உடல்

"சாப்பிடுவதெல்லாம் எங்கேதான் போகிறதோ?" என்று சில பிள்ளைகளைப் பார்த்துத் தாய்மார் அங்கலாய்ப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பாலும் பருப்பும் நெய்யும் குறைவில்லாமல் கொடுத்தாலும் அப்பிள்ளைகளின் எடை ஏறுவதில்லை. திருஷ்டி என்பார் ஒருவர்; வயிற்றில் பூச்சி என்பார் மற்றொருவர்; தாய்க்கு வளர்க்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போவாரும் உண்டு. பூச்சி உண்மையிலேயே ஒரு காரணம்தான். காசநோய், தைராய்டு சுரப்பி அளவு மீறிச் சுரத்தல், இளமையில் வரும் நீரிழிவு ஆகியவையும் எடையைக் குறைக்கும். இவையன்றி, உண்ட உணவு குடலுக்குச் சென்றும் இரத்தத்தில் சேராமல் வெளியேறிவிடும் நோய்களும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றன் காரணத்தைக் கண்டறிய மருத்துவ உலகம் அறுபது ஆண்டுகள் தடுமாறியது. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப்போகிறோம்.

நோயின் பெயர் சீலியாக். வயிறு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இதைத் தெளிவாக விவரித்தவர் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ. 1888இல் வெளியான கட்டுரையில் அவர் காட்டிய குழந்தையை நீங்கள் மனக்கண்ணில் காணலாம்: சூம்பிய கைகால்கள், உப்பிய வயிறு, வெளிறி நாற்றமடிக்கும் மலம், வயது பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்துக்குள். இந்நோய் குணமாகுமானால் அது உணவு முறையால்தான் ஆகும் என்று அவர் எழுதினார். எந்த உணவு என்பதுதான் தெரியவில்லை. ஒரு குழந்தைக்கு நாள்தோறும் ஹாலந்து நாட்டுச் சிப்பி இறைச்சி கொடுத்தார். அது நன்றாகத் தேறிற்று. சிப்பிக் காலம் முடிந்ததும் மீண்டும் மெலிந்தது. மாவுப் பண்டங்களைக் குறைக்க வேண்டும் என்றவர், மெல்லியதாக நறுக்கி வாட்டிய ரொட்டியை மட்டும் தள்ளவில்லை. விடைக்கு மிக அருகில் வந்து திரும்பிவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்து வந்தது வாழைப்பழம். நியூயார்க்கைச் சேர்ந்த சிட்னி ஹாஸ் 1924இல் பத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். வாழைப்பழ உணவு பெற்ற எட்டுப் பேர் தேறினர். பெறாத இருவர் இறந்தனர். ரொட்டி, பிஸ்கோத்து, உருளைக்கிழங்கு, தானியம் அனைத்தையும் அவர் விலக்கியிருந்தார். வாழைப்பழத்தில் ஏதோ மருந்துச் சத்து இருக்கிறது என்று உலகம் நம்பியது. கொடுத்த பொருளைப் பாராட்டினார்களே தவிர, கொடுக்காமல் விட்ட பொருளை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இதனால் விளைந்த தீமையும் உண்டு: குணமாகிவிட்டது என்று கருதிய குழந்தைகளுக்கு மீண்டும் ரொட்டி கொடுக்கப்பட்டது.

இனி நெதர்லாந்துக்கு வருவோம். வில்லம் காரல் டிக்கே 1905இல் பிறந்தவர். 1936இல், 31ஆம் வயதிலேயே, ஹேக் நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமை ஏற்றார். தம் குழந்தைக்கு ரொட்டியை நிறுத்தினால் உடல் தேறுகிறது என்று ஒரு தாய் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. அச்சொல்லை அவர் அலட்சியம் செய்யவில்லை. ரொட்டியும் ரஸ்க்கும் இல்லாத உணவைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் எடை பார்த்துக் குறித்துவந்தார். இதுபற்றி அவர் 1941இல் எழுதிய கட்டுரை டச்சு மொழியில் இருந்தது. அப்போது போர்க்காலம் வேறு. வெளியுலகம் கவனிக்கவில்லை.

1944 செப்டம்பரில் டச்சு ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆக்கிரமிப்பு ஜெர்மன் அரசு பழிவாங்கும் முறையில் மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு செல்வதைத் தடுத்தது. அந்தக் குளிர்காலத்தில் 20,000 பேருக்கு மேல் மாண்டனர். மக்கள் டூலிப் மலர்ச் செடியின் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தனர். ரொட்டி அரிதாயிற்று. ஊரே மெலிந்த அந்நாட்களில் சீலியாக் குழந்தைகளின் நோய் தணிந்தது! 1945இல் நிவாரண ரொட்டி வந்து சேர்ந்தது. நோயும் திரும்பி வந்தது.

பஞ்சத்தைப் பார்த்துத்தான் டிக்கேக்கு இந்த எண்ணம் தோன்றியது என்று பல நூல்கள் எழுதுகின்றன. கதைக்கு அது சுவையாக இருக்கலாம். ஆனால் அவருடைய சோதனைகள் பஞ்சத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியவை. ஒரு தாயின் பேச்சும் எடைக் குறிப்பேடுகளும் முன்பே இல்லாதிருந்தால், ரொட்டிப் பஞ்சத்தில் தணிந்த நோயை யார் கவனித்திருப்பார்கள்?

போருக்குப் பின் உட்ரெக்ட் நகரில் வேதியியலார் வான் டி காமரும் குழந்தை மருத்துவர் வெயர்ஸும் அவருடன் சேர்ந்தனர். மலத்தில் எவ்வளவு கொழுப்பு வீணாகிறது என்று அளக்கும் முறையை வான் டி காமர் 1949இல் வெளியிட்டார். இப்போது "தேறினான், மெலிந்தான்" என்ற பேச்சுக்குப் பதில் எண்கள் கிடைத்தன. கோதுமை உணவு கொடுத்தால் கொழுப்பு வீணாவது கூடியது. அரிசி, சோளம் கொடுத்தால் கூடவில்லை. டிக்கே 1950இல் இதை ஆய்வேடாக்கினார். கோதுமையிலும் குற்றவாளி அதன் மாவுப்பொருளன்று, புரதம் என்பதும் விரைவில் தெரிந்தது.

அந்தப் புரதத்தை நீங்களே பார்க்கலாம். பிசைந்த சப்பாத்தி மாவு உருண்டையைத் தண்ணீரில் கசக்கிக் கழுவுங்கள். வெள்ளையாக மாவுப்பொருள் கரைந்துபோகும். கையில் ஜவ்வாக மிஞ்சுவதே குளூட்டன். பரோட்டா மாவை வீசி விரிக்க முடிவது இதனால்தான்.

இது குடலில் என்ன செய்கிறது? சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் ஏராளமாக உள்ளன. சத்தை உறிஞ்சும் பரப்பு இவற்றால் பன்மடங்கு பெருகுகிறது. மரபுவழியாக இந்நோய்க்கு இடம் கொடுக்கும் உடலில், குளூட்டனின் ஒரு பகுதியைப் பகைவன் என்று எண்ணி நோயெதிர்ப்பு அணுக்கள் போர் தொடுக்கின்றன. அப்போரில் குடலுறிஞ்சிகள் அழிந்து சுவர் மொட்டையாகிறது. 1954இல் பாலி என்ற ஆங்கிலேய மருத்துவர் இச்சிதைவை எடுத்துக்காட்டினார். 1956இல் மார்கோ ஷைனர் வாய்வழியே குழாய் செலுத்திக் குடல் துணுக்கை எடுக்கும் வழி கண்டார். நோயாளியின் உடல் எந்த நொதியை எதிர்க்கிறது என்பது 1997இல் தெரிந்தபின், இரத்தச் சோதனையும் எளிதாயிற்று. ஒன்றைக் கவனியுங்கள்: சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் முடிவு தவறாக வரலாம். கோதுமையை நிறுத்துவது மருத்துவர் சொன்ன பிறகே நடக்க வேண்டும்.

நம் நாட்டில் இந்நோய் உண்டா? 2016இல் வெளியான ஓர் ஆய்வு, வட இந்தியப் பகுதியில் நூறு பேரில் ஒருவருக்குச் சற்று மேலாகவும், வேலூர்ப் பகுதியில் ஆயிரத்தில் ஒருவராகவும் கணக்கிட்டது. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் இரு இடங்களிலும் பெரிதும் வேறுபடவில்லை. உண்ணும் கோதுமையின் அளவுதான் பெரிதும் வேறுபட்டது. அரிசிச் சோறு நம்மில் பலரை அறியாமலே காத்து வந்திருக்கிறது போலும்.

இந்நோய் உள்ளவருக்கு அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாம் ஆகும். ரவை உப்புமா, சேமியா, பார்லிக் கஞ்சி, காய்ச்சலுக்கு நாம் வாங்கித் தரும் ரொட்டியும் ரஸ்க்கும் ஆகா. ரசத்தில் போடும் கூட்டுப் பெருங்காயத்தையும் பார்த்தே வாங்க வேண்டும். அதில் கோதுமை மாவு கலப்பது வழக்கம்.