குரங்கு, ஆமை, உரல்: ரிசாலின் 1889ஆம் ஆண்டு ஒப்பீட்டுக்கு ஒரு மறுப்பு

பிலிப்பைன்ஸின் தகாலோக் மக்களின் குரங்கு-ஆமைக் கதையில் தத்துவமும் எளிமையும் கூடுதல். ஜப்பானியரின் குரங்கு-நண்டுக் கதையில் நாகரிகமும் சாதுரியமும் கூடுதல். லண்டனிலிருந்து வெளிவந்த ‘டிரப்னர்ஸ் ரெக்கார்ட்’ இதழில், 1889 ஜூலையில், பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசால் எழுதிய ‘இரு கீழைநாட்டுக் கதைகள்’ என்னும் கட்டுரையின் தீர்ப்பைச் சுருக்கினால் இவ்வளவுதான். அக்கட்டுரை வெளியான மாதத்தை நினைவில் வைத்தே பிலிப்பைன்ஸில் ஆண்டுதோறும் ஜூலை மூன்றாம் செவ்வாய்க்கிழமை தேசியச் சிறுவர் நூல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாட்டுச் சிறுவர் இலக்கியத்தின் பிறப்பு அங்கேதான் என்பது இன்று மரபாகிவிட்ட கருத்து. அம்மரபோடு எனக்குப் பெரிய வழக்கில்லை. கட்டுரையின் தீர்ப்போடுதான் வழக்கு.

ரிசால் அந்நாளில் செய்துகொண்டிருந்த வேலையை மறந்துவிட்டு இத்தீர்ப்பை எடைபோட முடியாது. 1609இல் மெக்சிகோவில் அச்சான அந்தோனியோ தே மோர்காவின் பிலிப்பைன்ஸ் வரலாற்று நூலை அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து கையால் படியெடுத்து, குறிப்புரை எழுதிக்கொண்டிருந்தார். ஸ்பானியர் வந்து இறங்குவதற்கு முன்பே தம் மக்களுக்கு எழுத்தும் தொழிலும் ஒழுங்கும் இருந்தன என்று நிறுவுவதே அக்குறிப்புரையின் நோக்கம். ‘டிரப்னர்ஸ் ரெக்கார்ட்’ இதழோடு அவரை இணைத்தவர் இந்தியா அலுவலக நூலகத்தின் தலைவர் ரைன்ஹோல்ட் ரோஸ்ட். அதே ஆண்டு மே மாதம் தகாலோக் பழமொழிகளையும் விடுகதைகளையும் அதே இதழில் ரிசால் தொகுத்துத் தந்திருந்தார். ஆகவே நம் கையிலிருப்பது குழந்தைக்குக் கதை சொல்பவரின் குரல் அன்று. தொன்மைக்குச் சான்று தேடும் அறிஞரின் குரல். எளிமையாக இருப்பது மூலத்துக்கு அருகில் இருக்கும் என்ற எண்ணம் அவருடைய ஒப்பீட்டுக்கு அடியில் ஓடுகிறது என்பது என் வாசிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் பலருக்கும் இருந்த எண்ணம்தான் அது. ஆயினும் இங்கே அது பொருந்தவில்லை.

கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆற்றில் மிதந்து வந்த வாழையைக் குரங்கும் ஆமையும் பங்கிடுகின்றன. இலை தழைத்த மேற்பாதியைக் குரங்கு எடுத்துக்கொள்ள, கிழங்குள்ள அடிப்பாதி ஆமைக்கு வருகிறது. குரங்கு நட்டது காய்ந்துபோக, ஆமை நட்டது குலை தள்ளுகிறது. ஆமைக்கு மரம் ஏறத் தெரியாது. பறித்துத் தருகிறேன் என்று ஏறிய குரங்கு ஒரு பழம்கூடக் கீழே போடாமல் தானே தின்கிறது. ஆமை மரத்தைச் சுற்றிக் கூரானவற்றை நட்டுவைக்கிறது. குரங்கு விழுந்து குத்துப்படுகிறது. பிறகு பிடிபட்ட ஆமையிடம், உரலில் போட்டு இடிக்கட்டுமா, தண்ணீரில் எறியட்டுமா என்று கேட்கப்படுகிறது. தண்ணீர் வேண்டாம் என்று ஆமை கெஞ்சுகிறது. கெஞ்சியபடியே தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்து சிரிக்கிறது. ஜப்பானியக் கதையில் வாழையின் இடத்தில் பெர்சிமன் பழமரம். ஆமையின் இடத்தில் நண்டு. சோற்றுருண்டையைக் கொடுத்து விதையை வாங்கி, நட்டு வளர்த்த நண்டை, மரத்தில் ஏறிய குரங்கு காய்களால் அடித்துக் கொல்கிறது. நண்டின் பிள்ளைக்குத் துணையாகக் கஷ்கொட்டையும் குளவியும் உரலும் சேர்ந்து, குரங்கை அதன் வீட்டுக்குள்ளேயே பழி தீர்க்கின்றன.

ரிசாலின் ஒப்பீட்டில் முதற்குறை, எடுத்துக்கொண்ட இரண்டும் ஒரே தரத்துச் சான்றுகள் அல்ல என்பது. ஜப்பானியக் கதை எடோ காலத்திலேயே சிவப்பு அட்டைச் சிறுவர் படநூல்களில் அச்சேறிய கதை. 1885இல் தோக்கியோவில் ஹசெகாவா தகெஜிரோ வெளியிட்ட ஆங்கிலச் சிறுவர் கதை வரிசையில் மூன்றாவதாக வந்ததும் அதுவே. 1888இன் தொடக்கத்தில் ஏறத்தாழ ஆறு வாரம் ஜப்பானில் தங்கிய ரிசாலின் கண்ணில் அந்நூல் பட்டிருக்கலாம், இது ஊகமே. எப்படியானாலும், தலைமுறை தலைமுறையாக அச்சில் செப்பம் செய்யப்பட்ட கதையையும் வாய்மொழியில் உலவிய கதையையும் அவர் எதிரெதிரே நிறுத்துகிறார். அவர் கண்ட நாகரிக வேற்றுமை இரு மக்களுக்கு இடையே உள்ளதன்று. ஏட்டுக்கும் வாய்க்கும் இடையே உள்ளது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. தகாலோக் வடிவம் எளியது என்பது அவர் அறிந்த வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும். மேபல் குக் கோல் 1916இல் வெளியிட்ட பிலிப்பைன்ஸ் நாட்டுக் கதைத் தொகுப்பில் வடக்கு லூசோனின் இலோகானோ மக்களிடையே வழங்கிய வடிவம் ஒன்று இருக்கிறது. அதில் குரங்கு விழுந்து சாகிறது. ஆமை அதன் இறைச்சியை உலர்த்தி மற்றக் குரங்குகளுக்கே விற்கிறது. வாங்கித் தின்றவை தாம் தின்றது தம் இனத்தானை என்று பின்னர் அறிந்து ஆமையைப் பிடிக்கின்றன. வெட்டுப்பட்டுப் பழகியவன் என்று ஆமை ஓட்டின் தழும்புகளைக் காட்டுகிறது; எரிபட்டுப் பழகியவன் என்று தன் நிறத்தைக் காட்டுகிறது. கடைசியில் கல்லைக் கட்டித் தண்ணீரில் எறிகின்றன. ஆமையோ இரையோடு மேலே வருகிறது. அதைப் பார்த்து ஆசைப்பட்ட குரங்குகளும் கல்லைக் கட்டிக்கொண்டு குதித்து மாண்டுபோகின்றன. எஞ்சிய குரங்குகள் அந்தப் பழங்கதையை நினைத்துத்தான் இன்றளவும் இறைச்சி தின்பதில்லை என்று கதை முடிகிறது.

இந்த வடிவத்தை எளிமை என்ற சொல்லுக்குள் அடைக்க வழியில்லை. ஒருவனுக்கு நேர்ந்ததற்கு இனமே திரண்டு பழிவாங்க வருவது ஜப்பானியக் கதையின் பின்பாதியை ஒத்திருக்கிறது. ஒரே வேற்றுமை, அங்கே பழிவாங்குவோர் வெல்கிறார்கள், இங்கே அழிகிறார்கள். ரிசால் இதை அறிந்திருந்தால் தம் தீர்ப்பை மாற்றியிருப்பார் என்றே நம்புகிறேன். இலோகானோ வடிவம் அச்சானது அவர் கட்டுரைக்கு 27 ஆண்டுகள் கழித்து என்பதால் அது பிற்கால வளர்ச்சி என்று ஒருவர் மறுக்கலாம். அச்சான ஆண்டு கதையின் வயதைச் சொல்லாது. அதே அளவுகோலை ரிசாலின் வடிவத்துக்கும் வைக்க வேண்டியிருக்கும்.

அடுத்து உரல். சான்று மெலிந்த இடம் இது என்பதை அறிந்தே இதை வலியுறுத்துகிறேன். ஜப்பானியக் கதையில் உரல் குரங்கின்மேல் விழுந்து அதைக் கொல்கிறது. தகாலோக் கதையில் அதே உரல் ஆமைக்குக் காட்டப்படும் மிரட்டல். நெல் குத்தும் இரு நாடுகளிலும் வீட்டுக்கு வீடு உரல் இருந்தது. ஆகவே இது தற்செயல் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஆற்றங்கரையில் வாழும் குரங்குக்கு உரல் எங்கிருந்து வந்தது? இலோகானோ வடிவத்தில் வெட்டும் நெருப்பும் அந்த இடத்தை நிரப்புகின்றன. கதையோட்டத்துக்கு உரல் கட்டாயமில்லை. கட்டாயமில்லாத பொருள் ஒன்று இரு கதைகளிலும் தண்டனைக் கட்டத்திலேயே தலைகாட்டுமானால், வீட்டுக்குள் நடந்த நீண்ட பின்பாதி ஒன்றின் எச்சமாக அது இருக்கக்கூடும். தெற்கிலிருந்து வடக்கே போனதா, வடக்கிலிருந்து தெற்கே வந்ததா என்பதை இதைக்கொண்டு தீர்மானிக்க முடியாது. தகாலோக் வடிவம் மூலத்தின் எளிமையைக் காக்கவில்லை, நீண்ட கதை ஒன்று சுருங்கியதன் விளைவு அது என்பதற்கு மட்டும் இது இடமளிக்கிறது.

ரிசாலின் படங்களைப் பற்றியும் ஒரு சொல். பாரிசில் பாஸ் பர்தோ தே தவேராவின் ஆல்பத்தில் இக்கதையை அவர் தொடர்படங்களாக வரைந்தார். 1913இல் ஆஸ்டின் கிரெய்க் தம் ரிசால் வரலாற்று நூலில் அவற்றை வெளியிட்டார். ரிசால் ஹைடல்பெர்குக்குப் புறப்பட்ட 1886 பிப்ரவரிக்கு முந்தைய பாரிஸ் நாட்களில், பாஸ் ஓவியர் ஹுவான் லூனாவுக்கு மனைவியாகும் முன்பே, இவை வரையப்பட்டதாக வரலாற்றாசிரியர் கிரெகோரியோ சைதே கொள்கிறார். திருமணம் நடந்தது அவ்வாண்டு டிசம்பரில். ரிசால் பாரிசுக்குத் திரும்பித் தங்கியதோ 1889இல். முந்தைய காலம் சரியென்றால், ஒப்பீட்டுக்கு முன்பே கதை அவர் கையில் வேடிக்கைப் படமாக உருப்பெற்றிருக்கிறது. நான் அந்தப் பக்கமே சாய்கிறேன். முடிந்த முடிபாகச் சொல்லமாட்டேன்.

சிறுவர் பாடமாக இக்கதை மாறியபோது, பேராசைக்காரன் கெடுவான் என்ற ஒற்றை நீதியே அதன் தலையில் ஏற்றப்பட்டது. ரிசாலின் சொந்த இளமை நினைவே இதற்கு எதிராக நிற்கிறது. தாயார் தியோதோரா அலோன்சோ ஸ்பானியச் சிறுவர் நூல் ஒன்றிலிருந்து விளக்கில் விழுந்த விட்டிலின் கதையைப் படித்துக் காட்டினார். தாய் சொல்லைத் தட்டாதே என்பது அதன் பாடம். சிறுவன் ரிசாலின் மனமோ சுடரின் அழகிலேயே லயித்திருந்ததாக அவரே பின்னாளில் எழுதினார். நீதியைத் தாண்டிக் கதையைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளையை அவருக்குத் தெரியும்.

அப்பிள்ளையை மதிக்கும் எழுத்து பிலிப்பைன்ஸில் பிறகும் வந்தது. செவெரினோ ரெயெஸ் 1925 முதல் ‘லிவாய்வாய்’ இதழில் பாஸ்யாங் பாட்டியின் பெயரில் சொன்ன கதைகளை இங்கே விரித்துரைக்க இடமில்லை. ரெனே வில்யானுவேவாவின் ‘நெமோ’ கதையில், தாளால் ஆன சிறுவன் மெய்யான சிறுவனாகி நகரத்துத் தெருவின் வறுமையைக் காண்கிறான். மனிதனாவதே பரிசு என்ற வழக்கமான முடிவை அக்கதை பிள்ளைக்குத் தருவதில்லை. இலோகானோ ஆமைக்கதையின் வாரிசு என்று நான் கருதுவது இத்தகைய நூல்களைத்தான். வஞ்சிக்கப்பட்ட ஆமையே அந்தக் கதையில் கொடிய வஞ்சகனும் ஆகிறது. யார் பக்கம் நிற்பது என்பதைக் கேட்கும் பிள்ளையே முடிவு செய்தாக வேண்டும்.

டீன் ஃபேன்ஸ்லர் 1921இல் வெளியிட்ட தொகுப்பில் இக்கதைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. நம் பஞ்சதந்திரத்துக் குரங்கும் முதலையும் அதே தொகுப்பில் இருக்கின்றன. பிலிப்பைன்ஸ் கதைகளைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கொண்டுவர எண்ணுவோர் ரிசாலின் சுருக்க வடிவத்தோடு நின்றுவிட வேண்டாம். இலோகானோ வடிவத்தை, இறைச்சி விற்கும் கட்டத்தை வெட்டாமல், முழுவதுமாக மொழிபெயர்க்க வேண்டும்.