தாத்தாவின் பிரெஞ்சும் எங்கள் ஜி.ஆர்.ஈ. பட்டியலும்

மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா என்று மலர்க்குழு நண்பர் போனில் கேட்டதும் பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். உள்ளே பழுப்பேறிய ஜெராக்ஸ் கட்டு. 1991-இல் நம் வகுப்பில் ஏழெட்டுப் பேர் மாற்றி மாற்றி உருப்போட்டோமே, அதே பாரன்ஸ் பட்டியல். மொத்தம் 3500 ஆங்கிலச் சொற்கள். பக்க ஓரங்களில் பென்சிலில் என் தாத்தாவின் கையெழுத்து.

இன்றைய பிள்ளைகளுக்காக ஒரு சிறு வரலாறு. ஜி.ஆர்.ஈ. தேர்வு 1936-இல் கார்னகி அறக்கட்டளையும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா பல்கலைக்கழகங்களும் சேர்ந்து சோதனையாக ஆரம்பித்தது. 1948-இல் ஈ.டி.எஸ். நிறுவனத்தின் கைக்கு வந்தது. நம் காலத்தில் மூன்று பகுதி, 2400 மதிப்பெண். ஆங்கிலப் பகுதியின் 76 கேள்விகளில் 22 எதிர்ச்சொல், 18 சொல் ஒப்புமை. ஆகப் பாதிக்கு மேல் சொல் தெரிந்தால்தான் பிழைப்பு. கணக்கில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை, ஆங்கிலத்தில்தான் உதைத்தது.

ஒரு நாளைக்கு ஒரு பட்டியல் என்று சபதம் போட்டோம். சாயங்காலம் கடற்கரையில் காந்தி சிலையருகே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்போம். சுண்டல்காரர்கூட, "இன்னா தம்பி, இன்னும் 'ஏ' முடியலியா?" என்று கிண்டல் பண்ணுவார். 'பி' வருவதற்குள் 'ஏ' மறந்துபோகும்.

ஒரு நாள் வீட்டில் நான் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். 'அட்ராய்ட்' என்றால் கைதேர்ந்த. 'காஷ்' என்றால் நயமற்ற, பாங்கு தெரியாத. திண்ணையிலிருந்து தாத்தா சிரித்தார். "அடே, அது கோஷ்டா! பிரெஞ்சுல இடது பக்கம். த்ருவா வலது பக்கம். அதுலேருந்து வந்ததுதான் அத்ருவா. நம்மூர்ல சோத்தாங்கை, பீச்சாங்கைன்னு ஒசத்தி தாழ்த்தி சொல்றோமே, அந்தக் கதைதான்."

அன்றைக்கு ஒட்டிய அந்த இரண்டு சொல்லும் இன்றுவரை மறக்கவில்லை. 1066-இல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் கூட்டம் கூட்டமாகக் குடியேறின. லத்தீன் சொற்கள் பல அந்த வழியாகவே வந்து சேர்ந்தன. அதனால் நாம் மலைத்த சொற்களில் நிறைய, தாத்தாவுக்குப் பழைய உறவுக்காரர்கள்.

அந்தப் பிரெஞ்சு அவருக்குச் சும்மா வரவில்லை. பிரவே தேறி, பிரெஞ்சு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா ஆனவர். நம் ஊருக்கே இது பழக்கம்தான். துய்ப்ளெக்சிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஊர் இது. துபாஷி என்றாலே இரண்டு பாஷைக்காரர். 1881-இல் வந்த ஆணைப்படி, சொந்தச் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சைகோன் போய்ச் சர்க்கார் உத்தியோகம் பார்த்த குடும்பங்கள் எத்தனை! அவர்களுக்குப் பிரெஞ்சு கப்பல் டிக்கெட், நமக்கு ஜி.ஆர்.ஈ. விமான டிக்கெட்.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. தாத்தாவுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. ஆபீசில் மெல்ல மெல்ல ஆங்கிலக் கோப்புகள் வந்தன. பேரப்பிள்ளை வயதுப் பையன்களோடு உட்கார்ந்து ஏ, பி, சி, டி படித்தாராம். 1962 ஆகஸ்ட் 16-இல் இணைப்பு சட்டப்படி நிறைவானபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. "மண்ணை விட்டுட்டு எங்கடா போறது?" என்பார்.

நான் போகத்தான் துடித்தேன். மெட்ராசுக்கு பஸ் ஏறிப் போய்த் தேர்வு எழுதினேன். இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. அப்பா சம்பளத்தில் அது ஆகிற காரியமா? மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. ஏமாத்திட்டாங்க என்று புலம்பினேன்.

தாத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒரே மாதிரி இருக்கும், ஆனா வேற வேற. இங்கிலீஷ்ல டிசெப்ஷன்னா அடுத்தவன் உன்னை ஏமாத்துறது. பிரெஞ்சுல தெசெப்ஸியோன்னா நீ ஆசைப்பட்டது நடக்காம ஏமாந்து போறது. உன்னை யாரும் ஏமாத்தலடா. உனக்கு வந்தது பிரெஞ்சு தெசெப்ஸியோன். எனக்கும் ஒரு தரம் வந்துச்சு. சரியாப் போயிடும்."

எப்போது வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

2011 ஆகஸ்டில் எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். 2023 செப்டம்பர் முதல் தேர்வே இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது. நாம் உயிரைக் கொடுத்து உருப்போட்ட வித்தைக்கு இன்று அங்கே வேலையில்லை, 1954-க்குப் பிறகு தாத்தாவின் பிரவேக்கு ஆனது போலத்தான். ஆனால் தேர்வுக்காக மட்டும் படித்தவை உதிர்ந்துபோக, திண்ணையில் கேட்ட நாலைந்து சொல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கடல் கடந்து போன நண்பர்களே, உங்கள் பட்டியல் யாரிடமாவது இருந்தால் சந்திப்புக்கு எடுத்து வாருங்கள். காந்தி சிலையருகே மறுபடி ஒரு தரம் உட்காருவோம். இந்த முறையாவது 'ஏ' முடிகிறதா பார்ப்போம்!