மரபுசாரா மின்கொள்முதலில் முன்னுரிமையும் காலக்கெடுத் தண்டமும்

காற்று, சூரியஒளி மின்சாரத்தை நீண்டகால ஒப்பந்தத்தில் அரசு வாங்கும்போது எழும் முதல் இரண்டு கேள்விகள்: யாருக்கு முதலில் ஒப்பந்தம், சொன்ன நாளில் மின்சாரம் வராவிட்டால் என்ன இழப்பு? நீலகிரியின் பழைய நீர்மின் திட்டங்களில் இவை எழவில்லை. 1932இல் ஓடத் தொடங்கிய பைக்காராவையும், கனடா உதவியோடு 1960களில் வளர்ந்த குந்தாவையும் அரசே கட்டியது. விண்ணப்பதாரர் என்று எவரும் இல்லை. தனியார் முதலீடு பெருமளவில் வந்தது சமவெளிக் காற்றாலைகளிலும் சூரியஒளிப் பூங்காக்களிலும்தான்.

வரிசையை முடிவுசெய்ய இரண்டு வழிகள் உண்டு. விலையை மின்சார ஒழுங்குமுறை ஆணையமே நிர்ணயித்துவிட்டால், விண்ணப்பித்த நாளும் துணை மின்நிலையத்தில் மிச்சமிருக்கும் இடமும் முக்கியமாகின்றன. ஏலமென்றால் குறைந்த விலை கேட்டவருக்கே முதலிடம். 2010இல் மத்திய அரசின் சூரியமின் இயக்கத்தில் யூனிட்டுக்கு 17.91 ரூபாய் அடிப்படை விலை; அதில் அதிகத் தள்ளுபடி தந்தவர்கள் முன்னே வந்தனர். மிகக் குறைந்த கேள்வி 10.95 ரூபாய். தமிழ்நாடும் 2017இல் 1500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டு 3.47 ரூபாய்க்கு வந்து சேர்ந்தது.

தண்டம் பெரும்பாலும் வங்கி உத்தரவாதத்தின் வழியே வசூலாகிறது. மேற்கண்ட மத்தியத் திட்டத்தில் முதல் மாதத் தாமதத்துக்கு உத்தரவாதத்தில் 20 விழுக்காடும், இரண்டாம் மாதத்துக்கு மேலும் 40 விழுக்காடும், மூன்றாம் மாதத்துக்கு எஞ்சியதும் பறிபோகும் என்று விதி இருந்தது. தண்டம் இல்லாவிட்டால், கட்டும் எண்ணமே இல்லாதவர்களும் ஒப்பந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

தண்டத்தைவிடக் கடுமையானது, காலக்கெடு தவறினால் நேரும் விலைச் சரிவு. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2014 செப்டம்பரில் சூரியமின்சாரத்துக்கு, விரைவுத் தேய்மான வரிச்சலுகை பெறாதவர்களுக்கு, 7.01 ரூபாய் நிர்ணயித்தது. அந்த விலை 2016 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அதற்குப் பின் வந்தது 5.10 ரூபாய். வித்தியாசம் 1.91 ரூபாய். ஆலைத் திறனில் 19 விழுக்காடு உற்பத்தி என்று கொண்டால், ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 32 லட்சம் ரூபாய், ஒப்பந்தக் காலம் முழுவதும்.

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அதானி குழுமம் அமைத்த 648 மெகாவாட் நிலையம் இந்த 2016 மார்ச் 31 என்ற கோட்டின்மேல் நின்றது. 2015 ஜூலையில் ஒப்பந்தம். 2016 செப்டம்பரில் முழு நிலையமும் திறப்பு. இதில் 288 மெகாவாட்டுக்கு எந்த விலை என்பது வழக்கானது.

இத்தகைய வழக்குகளில் ஆராய வேண்டியது சூரியஒளிப் பலகைகள் எப்போது நிறுவப்பட்டன என்பதை மட்டுமல்ல. மின்சாரத்தை எடுத்துச்செல்லும் கம்பியும் துணை மின்நிலையமும் எப்போது ஆயத்தமாயின என்பதையும்தான். வாங்குபவரின் பணி தாமதமாகி, விற்பவர் தண்டம் கட்டுவது நியாயமாகாது. காலக்கெடு விதிகளில் இந்த விலக்கு தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் நீதிமன்றப் படியேறும் செலவும் கடைசியில் மின்கட்டணத்தில்தான் விழும். கமுதி வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022இல் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நிலுவையாக 748 கோடி ரூபாய் வரும் என்று நிறுவனம் அறிவித்தது.